மல்லிகைப் புகை விடும் ரயில்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பீங்கான் கோப்பை, டிவி ரிமோட், ஒரு தடவை அவித்த கிழங்கோடு சேர்த்துச் சட்டி என்று நான் சுவரில் அடித்தவை நிறைய. என் கணவர் அதற்கு நேரெதிர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தமாட்டார். "தங்கமான மனிசன், இந்தப் பிசாசோட எப்பிடித்தான் இருக்கிறாரோ" என்று என் சொந்த அக்காவே சொல்லியிருக்கிறாள். யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல வேண்டிய கதை இது என்பதால், இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கொரோனா எனக்கு வந்து போனபோது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மணம் மட்டும் திரும்பவில்லை. மீன் குழம்பும் கழுவின சட்டியும் எனக்கு ஒன்றுதான். பம்பலப்பிட்டியில் வங்கி, கம்பெனி என்று கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். என் கறியின் மணம் லிஃப்ட்டுக்குள் நிற்கிறது என்று ஆட்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகும்வரை பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவர் ஹோலில் இருந்து ஓடி வந்து அடுப்பை நிப்பாட்டினார். நான் அந்தச் சட்டியைத் தூக்கி நிலத்தில் அடித்தேன். நிலத்து ஓட்டில் இன்னும் அந்த வெடிப்பு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையில் வெடித்தது. அக்கா வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் காஸ் குக்கர் வெடித்து, கண்ணாடியெல்லாம் பறந்தது. அக்கா சமைத்துக்கொண்டு நின்ற குசினியின் யன்னலும் நொறுங்கி, துண்டுகள் சோற்றுப் பானைக்குள்ளும் அவளுடைய புறங்காலிலும் ஏறின. பானைக்குள் இருந்த துண்டுகளைப் பொறுக்கப் போய்க் கையையும் வெட்டிக்கொண்டாள், நான் போனபோது சோறு சிவப்பாக இருந்தது. அக்கா காலை நீட்டிக்கொண்டு, "சோத்தைக் கொட்டிவிடு, சோத்தைக் கொட்டிவிடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் கொழும்பில் காஸ் வைத்திருந்த எல்லோரும் பயந்துபோய் இருந்தோம். வீட்டுக்கு வீடு சவர்க்காரத்தைக் கரைத்து நுரையெடுத்து வைத்து, ரெகியூலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் தடவிப் பார்ப்பார்கள். நுரையில் குமிழ் ஊதினால் காஸ் கசிகிறது என்று அர்த்தம்.

என் வீட்டில் நுரை கிடையாது. என் வீட்டில் ஒரு மூக்கு இருந்தது.

"இனிமேல் நான் மணந்து பாத்துச் சொல்லாமல் நீர் காஸைத் திறக்கக்கூடாது" என்றார் அவர்.

"நுரை போட்டுப் பாத்தால் காணும்தானே?"

"மூக்கு இருக்கேக்க நுரை எதுக்கு?"

விடியற்காலையில் அவரை எழுப்ப வேண்டும். சாரத்தை முடிந்துகொண்டு வந்து, சிலிண்டருக்கு முன்னால் குந்தி, கண்ணை மூடி, மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டி, "ம்... திறவும்" என்பார். துறைமுகத்து மோப்ப நாய்கூட அவ்வளவு பந்தா காட்டாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆண்ட குசினிக்குள் போக நான் ஒருவரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், "பேசாமல் சமையலை விடும், கடையில எடுத்துச் சாப்பிடுவம், கந்தோர்க்காரருக்கும் சொல்லிவிடும்" என்று தொடங்கினார். குசினியை என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அது போனால் நான் என்ன செய்வது? அவருடைய ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிய விளையாட்டு ரயில் அது. விளையாட்டு என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டுமாம். முழங்கை நீளத்திலும் சின்னதாக ஒரு கறுப்பு நீராவி எஞ்சின், ஹோல் நிலம் முழுக்கத் தண்டவாளம். எஞ்சினின் புகைபோக்கிக்குள் மெல்லிய சூட்டுக்கம்பி ஒன்று இருக்கிறது. அதற்குள் புகைத்திரவம் என்று ஒரு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கம்பி சூடாகி, வெள்ளைப் புகை வரும். அந்தத் திரவத்தை வாசனையோடும் விற்கிறார்கள். கோப்பி வாசம், பைன் மர வாசம், நிலக்கரி வாசம் என்று தம்பியார் குட்டிப் போத்தல்கள் அனுப்பியிருந்தார்.

மணம் திரும்ப வேண்டுமென்றால் காலையும் மாலையும் சில வாசனைகளை விடாமல் முகர்ந்து பழக வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், எங்கள் மனிதர் பிடித்துக்கொண்டார். பின்னேரம் ஆனால் நான் நிலத்தில் உட்கார வேண்டும், ரயில் என் முன்னால் வந்து நிற்க வேண்டும், நான் புகையை முகர வேண்டும்.

"மணக்குதோ?"

"இல்லை."

"வடிவா இழுத்துப் பாரும்."

"நுரையீரல் வெளியில வந்திடும் போல கிடக்கு, இன்னும் என்னத்தை இழுக்க?"

ஊர் மணம் எதுவும் அந்தப் போத்தல்களில் இல்லை என்பதால்தான் எனக்குப் பிடிபடவில்லை என்று அவராகவே முடிவு கட்டினார். மல்லிகை செய்து தருகிறேன் என்று கிளம்பினார். முதலில் எங்கள் ஆட்களின் புத்தி போகிற வழியிலேயே போனார். மல்லிகைப்பூவைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு, அதைப் புகைபோக்கிக்குள் விட்டார். எஞ்சின் கடுகு தாளித்தது போலத் தெறித்து, அவருடைய கண்ணாடியில் எண்ணெய் துப்பிவிட்டு நின்றுபோனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசியும் பஞ்சும் வைத்து அந்த அடைப்பை எடுக்க நாட்கணக்கில் குந்தியிருந்தார். பிறகு ஜிந்துப்பிட்டிப் பக்கம் போய், ஒரு முஸ்லிம் ஐயாவின் அத்தர் கடையில் மல்லிகை அத்தர் வாங்கி வந்து, வாசனையில்லாத திரவத்தில் ஈர்க்கு நுனியால் தொட்டுக் கலந்தார். அதுதான் சரி வந்தது.

நல்ல புகை எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். திரவம் கூடினால் கம்பி நனைந்து கொப்பளிக்கும், புகை வராது. குறைந்தால் கம்பி கருகிச் செத்துவிடும். முந்தின வாசனை முழுக்க எரிந்து முடியாமல் மற்றதை விட்டால் இரண்டும் கெட்டு நாறும் என்பார். எஞ்சின் கொஞ்சம் ஓடிச் சூடான பிறகு மெல்ல மெல்ல ஓட்டினால்தான் புகை குண்டு குண்டாக வரும். எல்லாவற்றிலும் முக்கியம், காற்று இருக்கக்கூடாது. கடற்கரைப் பக்கத்து வீடு எங்களுடையது. பல்கனிக் கதவைத் திறந்தால் புகை ஒரு நொடி நிற்காது. ஆகவே ஃபேனை நிப்பாட்டி, யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு, வேர்த்து ஒழுக உட்கார்ந்து ரசிப்பார். சில வேளை திரையையும் இழுத்துவிட்டு, "இஞ்சை பாரும், சில்லுக்குக் கீழ நீலப் பொறி பறக்குது" என்று காட்டுவார். தண்டவாளத்தில் அழுக்குப் பிடித்தால் அப்படிப் பொறி வருமாம். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத்தோடு பழைய சிலிண்டர் முடிந்துபோக, புதியதை அவர்தான் பூட்டினார். அதற்கு முன்பே மல்லிகை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய விரலெல்லாம் அத்தர். சிலிண்டருக்கு முன்னால் வழமைபோலக் குந்தி மூக்கை ஆட்டிவிட்டு, "ம்... ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லி ரயிலுக்குத் திரும்பிப் போனார். வீடு முழுக்க மூடிக் கிடந்தது.

மூக்கு போன பிறகு நான் காதால்தான் சமைக்கிறேன். கடுகு வெடிக்கிற சத்தம், வெங்காயம் ஈரம் இழக்கிற சத்தம், சோறு வற்றுகிற சத்தம் எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. அரிசியைக் களைந்துகொண்டு நின்றவள் தண்ணீர்க் குழாயை மூடியதும் அதைக் கேட்டேன். சன்னமாக ஒரு சீறல். குனிந்தேன், கூடியது. ரெகியூலேட்டரைத் திருகி மூடினேன், சீறல் நிற்கவில்லை. சிலிண்டர் வாயிலேயே கசிகிறது. காஸ் நிலத்தோடு படுத்துப் பரவும் என்று அக்கா வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ரயில் ஓடுவதும் நிலத்தில்தான். கையில் இருந்த அகப்பையோடு ஹோலுக்கு ஓடினேன்.

"ரயிலை நிப்பாட்டுங்கோ! காஸ்!"

"கத்தாதையும். இப்பத்தான் புகை நல்லாப் பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டே, ரயிலை நிப்பாட்டச் சுவர்ச் சுவிச்சுப் பக்கம் கையை நீட்டினார்.

"சுவிச்சில கை வைக்காதேங்கோ, பொறி பறக்கும்!"

"நிப்பாட்டு எண்டுறீர், கை வைக்காதே எண்டுறீர், உமக்கென்ன விசரே? காஸ் எண்டால் எனக்கு மணக்காதோ?"

எஞ்சின் வளைவில் திரும்பியது. சில்லுக்குக் கீழே அந்த நீலப் பொறி. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாய்ந்து எஞ்சினைப் பிடுங்கினேன். உள்ளங்கை தீய்ந்தது. பல்கனிக் கதவைக் காலால் உதைத்துத் திறந்து, முழு பலத்தோடும் வெளியே வீசினேன்.

திரும்பியபோது அவர் என்னை அறைந்தார்.

அந்தத் தங்கமான மனிதர். கையை முழுக்க ஓங்கி, விரல் நாலும் பதிய. தலை கதவு நிலையில் போய் இடித்தது. அந்தக் கை என் முகத்தை விட்டு எடுபட முதல், என் மூக்குக்குள் ஏதோ நுழைந்தது. மல்லிகை. அரைகுறையாக இல்லை, முழு மல்லிகை, கோயில் வீதியில் பூக்காரியின் கூடைக்குள் முகத்தைப் புதைத்தது போல. இரண்டு வருடமாக வராத மணம் அந்த அடியோடு வந்தது.

நான் திருப்பி அடித்தேன். அகப்பைக் காம்பு அவருடைய முழங்கையில் முறிந்தது. அப்படியே சட்டையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போய்ச் சிலிண்டருக்கு முன்னால் தள்ளினேன்.

"மணந்து பாருங்கோ! உங்கட மூக்கால மணந்து பாருங்கோ!"

அவர் முகர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் முகர்ந்தார். "ஒண்டும் மணக்கேல்லையே" என்றார். எனக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைக் கையால் அள்ளி ரெகியூலேட்டரின் அடியில் அப்பினேன். நுரை பொங்கி, நெல்லிக்காய் அளவுக்குக் குமிழ் ஊதி உடைந்தது. அது உடைய உடைய இன்னொன்று வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ரெகியூலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். நான் எல்லா யன்னலையும் திறந்தேன்.

கடற்காற்று வந்து மல்லிகையைத் துடைத்துக்கொண்டு போன பிறகுதான் அவருக்குக் காஸ் மணந்திருக்க வேண்டும். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அந்த நேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். நல்ல காலம், பெல்லை அடிக்கவில்லை. கீழே நிற்கும் காவல்காரர், நசுங்கிய எஞ்சினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"நோனா, கோச்சிய வெட்டுனா" என்றார் சிங்களத்தில். ரயில் விழுந்துவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கன்னம் வீங்கிக்கொண்டிருந்ததால் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டார். அழுதார். "என்ர ரயிலுக்காகக் கை ஓங்கினனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பீங்கானை உடைத்திருக்கிறேன், சுவரை உடைத்திருக்கிறேன், அவரை ஒருநாளும் முதலில் தொட்டதில்லை. அவர் தொட்டார். அதை நான் மன்னிக்கவில்லை, இனி மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. அதோடு வாழ்கிறேன், அவ்வளவுதான். உள்ளங்கைத் தழும்பைப் போல அதுவும் இருக்கிறது.

இப்போது காஸை நான்தான் பூட்டுகிறேன், நான்தான் திறக்கிறேன். நுரைக் கிண்ணம் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் குசினி வாசலில் நின்று, "வரலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். கந்தோர்ச் சாப்பாடு நிற்கவில்லை. தம்பியார் வேறு எஞ்சின் அனுப்பிவிட்டார். யன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன், புகை சோகையாகத்தான் வருகிறது. பாவம், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மல்லிகைக்குப் பின்னால் மற்ற மணங்களும் மெல்ல மெல்ல வந்துவிட்டன. கோப்பி வந்தது, வெங்காயம் வந்தது, கடல் வந்தது. அவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் என் ரயில்தான் உம்மைக் குணமாக்கியது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். ரயில் இல்லை, உங்கட கை என்று நான் சொல்ல வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வரும்போது பூச்சரம் வாங்கி வருகிறார். என் பின்னால் வந்து நின்று, தானே தலையில் செருகிவிட்டு, நம்பிக்கையை விடாமல் கேட்கிறார்.

"மணக்குதோ?"

"இல்லை" என்கிறேன். கன்னம் எரிகிறது.