நாச்சிமுத்து அண்ணனின் பதினொரு ராடு

நாச்சிமுத்து அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

சிறுநீரகத்தில் தொற்று... நான்கு நாள் காய்ச்சல். அவர் மனைவி சரசக்கா போனில் "வாங்க சாமி" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அந்த வேலையைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. இன்றும் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது... வண்டியில் சமையல், வண்டியடியில் தூக்கம். போன வருடம் சத்தீஸ்கரில் அடுக்கி வைத்திருந்த ராடுகள், துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்கள், சரிந்து முதுகில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

முழங்காலுக்கு பிரேஸ் கட்டி, மரச்சட்டத்தில் பிடித்து முதல்முறை நிறுத்திய அன்று மயங்கிவிட்டார். கண்ணைத் திறந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

அந்த நாட்களில் பஸ்ஸில் விண்வெளி வீரர்களின் அனுபவங்களாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் வாயில் வந்தது.

"ஆறு மாசம் விண்வெளியில இருந்துட்டு வர்றவங்களுக்கும் இப்படித்தாண்ணா. எறங்குன அன்னைக்கு நிக்க முடியாது, தலை சுத்தும். சேர்ல வச்சுத்தான் தூக்கிட்டுப் போவாங்க."

போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "அவிங்களை கை தட்டித் தூக்குவாங்க. என்னையத் தூக்கறவன் 'பயங்கர கனம்டா'னு வஞ்சுக்கிட்டே தூக்கறானுங்க சாமி" என்றார்.

அன்றிலிருந்து நான் போனாலே, "மேல என்னங்க சேதி?" என்றுதான் ஆரம்பிப்பார்.

தூங்கும்போது மிதந்து போகாமல் படுக்கைப் பையைச் சுவரில் கட்டிக்கொள்வார்கள் என்றேன். "நாங்களும் ஓடற வண்டி மேல கயித்தைக் கட்டிக்கிட்டுத்தானுங்க தூங்குவோம்."

மூத்திரத்தையே சுத்தம் செய்து குடிப்பார்கள் என்றதும் எழுந்து உட்காராத குறை. "ஆயிரம் அடி போட்டும் தண்ணியில்லாம புகையா வர்ற காட்டுக்காரன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. தொரத்தித் தொரத்தி அடிப்பான்!"

சரசக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பார். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு அதிகமும் இந்தப் பேச்சில் வந்ததுதான்.

நிற்கிற நேரத்தை நிமிடத்தில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ரிக்கில் ஒரு ராடு இறங்கினால் இருபது அடி. இறங்குகிற ராடைச் சத்தமாக எண்ணுவது அவர் வழக்கம். மேலே எடுக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். அதனால் இங்கே பத்து எண்ணினால் ஒரு ராடு என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வாரம் இரண்டு ராடு. அப்புறம் நான்கு... ஏழு.

பதினொரு ராடு நின்ற அன்று வியர்த்துக் கொட்டியது. படுத்த பிறகு கேட்டார்.

"அந்த ராக்கெட்காரங்க எல்லாம் திரும்ப நடந்துட்டாங்களா சாமி?"

"நடந்துட்டாங்கண்ணா."

பொய்யில்லை. நடந்தார்கள்தான். ஆனால் அவர்களுடைய தண்டுவடம் அறுபடவில்லை. இந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இனி நடை வராது என்று டாக்டர் அண்ணனின் மச்சானிடம் மட்டும் சொல்லியிருந்தார். முதல் நாளே மச்சான் என்னை வாசலில் நிறுத்தி, "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே தெரிய வேண்டாமுங்க. நீங்க பாட்டுக்கு தெகிரியமாப் பேசுங்க" என்றார். நான் அப்படியே பேசினேன்.

நின்று பழகுவது எலும்புக்கு, ரத்த ஓட்டத்துக்கு. நடப்பதற்கு அல்ல. அது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம், ரிக்கில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு வீல்சேர் வாங்கி வந்தார்கள். நல்ல வண்டி. அண்ணன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை.

"இதுல ஒருக்கா உக்காந்தா உடம்பு அதையே பழகிக்குமுங்க. நடக்கறவனுக்கு எதுக்கு இது?" தை முடிந்து வந்துவிடுவதாகச் சொல்லி, ரிக் வண்டியில் தன் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வீல்சேர் கதவுக்குப் பின்னால் போனது. அண்ணன் அந்த அறையிலேயே இருந்தார். எட்டு மாதம்... மின்விசிறியும் ஓட்டுக்கூரையும். தெருமுனை டீக்கடை அவர் வீட்டிலிருந்து நாற்பது அடி. இரண்டு ராடு. அங்கேகூடப் போகவில்லை.

விண்வெளி வீரர்களின் பயிற்சியைப் பற்றி அவரிடம் ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறேன். நல்லபடியாகப் போவதற்கு அவர்களைப் பழக்குவது குறைவு. இன்று இது பழுதாகும், இப்போது இது அணையும் என்று மோசமானதையே திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்குகிறார்கள். திரும்பி வராமல் போனால் வீட்டுக்கு யார் சொல்வது என்பதைக்கூட உட்கார்ந்து பேசுகிறார்கள்.

புத்தகத்தில் அந்த வரிகளுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் எல்லாம் முடிந்தது. ரிக் வண்டி ஒடிசாவில் நிற்கிறதாம்... அவர்களால் வந்து சேர முடியவில்லை.

நான் கிளம்பும்போது சரசக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வீல்சேரை இழுத்து வந்தார். முந்தானையால் தூசியைத் துடைத்தார்.

"அவரு தொடவே இல்லீங்க சாமி. புதுசாவே இருக்குது. பாவம், நடக்க முடியாதவிங்க யாருக்காச்சும் குடுத்துருங்க."

சரிங்கக்கா என்றேன்.

இப்போது என் வீட்டு முன்னறையில் நிற்கிறது. உறையை இன்னும் பிரிக்கவில்லை.

பதினொரு ராடுண்ணா. கூடவே நானும் எண்ணினேன்.

போய்ட்டு வாங்க.