எதிர் வீட்டு மிக்ஸிங்

போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸ் நடராஜன் என்னைப் பாட்டு கேட்கக் கூப்பிட்டார். மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்தால் கீபோர்டு, லேப்டாப், ஹெட்போன்... வேறு உலகம்.

மெட்டு அவருடையது. பாடியது மகள் தீபா. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மண்டபத்தில் இந்தப் பாட்டைப் போடுவதாக ஏற்பாடு.

"ஃபைனல் மிக்ஸ் சார். கேட்டுட்டு உண்மையைச் சொல்லணும்."

உண்மை! எவ்வளவு ஆபத்தான வார்த்தை...

மெட்டு அருமை. தீபாவுக்கு நல்ல குரல். ஆனால் வரியில் 'ச' வரும்போதெல்லாம் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். ஜால்ரா ஒவ்வொரு தட்டுக்கும் பல்லைக் கூச வைத்தது.

"கொஞ்சம்... ட்ரெபிள் ஜாஸ்தியோ?" என்று இழுத்தேன்.

"என்ன சார் நீங்க! ஈக்யூவுல ஏத்தி ஏத்தித்தான் இவ்ளோ தெளிவு வந்திருக்கு. எங்க ஷிஃப்ட்ல போட்டுக் காட்டினேன். அத்தனை பேரும் சூப்பர்னுட்டாங்க."

ஈக்யூ என்றால் ஏதோ மந்திரம் என்று நினைக்காதீர்கள். பாட்டில் இருக்கிற கனமான சத்தம், நடுவாந்தரம், ட்ரெபிள் என்கிற கீச்சு — மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி. சமையலில் உப்பு, புளி, காரம் மாதிரி. நடராஜன் காரத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி சரசு வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர்.

"நானும் காது கூசுதுன்னு சொல்லிகினே இருக்கேன் சார். உனக்கு மிக்ஸிங் தெரியுமான்னு கேக்கறாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க காதைப் பொத்திகினு உக்காந்தா, எம் பொண்ணு மொகத்தை எங்க வச்சிக்கும்?"

தீபாவுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது... சூப்பர் என்று சொன்னவர்கள் யார்? வருஷக்கணக்கில் அதே கன்வேயர் இரைச்சலில் இவரோடு நின்றவர்கள். காதில் வைக்கக் கொடுத்த பிளக்கைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வேலை பார்த்த மாவீரர்கள்!

அந்த இரைச்சலில் கீச்சு மட்டும் காதில் விழாமல் போயிருக்குமோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். நடராஜன் சிரித்தார். நம்பவில்லை. தீபா தன் போனில் கீச்சென்று மெல்லிய விசில் சத்தம் ஒன்றை வைத்தாள். எனக்கும் சரசுவுக்கும் நன்றாகவே கேட்டது.

"ம்... போடும்மா" என்றார் நடராஜன்.

அது ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பேர் முகத்தையும் பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரசு, நீ உக்காரு. போதும்னா கையைத் தூக்கு."

அவர் கீச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சரசுவின் கை எழும்பவே இல்லை. கடைசியில் கை உயர்ந்தபோது தீபாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல அத்தனை இதமாக இருந்தது. அள்ளிப் போட்டிருந்த எதிரொலி எஃபெக்டிலும் பாதியை சரசு எடுக்கச் சொல்லிவிட்டார்.

"எனக்கு கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றார் நடராஜன். "பரவால்ல. உன் காதை நம்புறேன்."

ஞாயிறன்று பாட்டு முடிந்ததும், மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். தீபாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. நடராஜன் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை. இரண்டு தடவையும் சரசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் மட்டும் என்ன? நம்மைப் போன்ற காது உள்ளவர்களாகப் பார்த்துத்தானே அபிப்பிராயம் கேட்கிறோம்? இந்தப் பத்தியைக்கூட வாராவாரம் என் நண்பர்களிடம்தான் காட்டுவேன். எல்லோரும் என்னைப் போலவே வளவளவென்று பேசுகிறவர்கள். 'பிரமாதம்' என்பார்கள். இந்த வாரம் முதல் தடவையாக மனைவியிடம் கொடுத்தேன்.

நீங்கள் படித்தது, அவர் அடித்தது போக மிச்சம்.