அக்கம்பக்கம் இல்லாத ஹெட்டி கில்பி

ஹெட்டி கில்பிக்கு வாய் நீளம். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் அவளுடைய பண்ணைக்குப் போன தபால்காரர்கூட ஒரு திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு பசுக்களும் வேலையாள் வில்ஃபும்தான் துணை.

"எனக்கு அக்கம்பக்கம்னு ஒருத்தர் கிடையாது. நான் செத்து என்னைத் தூக்கிட்டுப் போனா, வாசல்ல வந்து நின்னு மரியாதைக்குத் தொப்பி கழட்ட ஆள் இல்ல. நிம்மதி!" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சொன்னது உண்மைதான். அவள் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய மேய்ச்சல் நிலம். அதன் கோடியில் தன்னந்தனியாக ஒரு தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். வீடே இல்லாத இடத்தில் தேவாலயத்தை யார் கட்டினார்கள் என்று அவர்கள் கேட்டதில்லை. நிலம் பூராவும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அதன் பெயரே மேடுபள்ளம்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய லயனல் ஆர்ட்டன். இங்கே எல்மர்பி என்று ஓர் ஊர் இருந்தது, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நிலத்துக்குச் சொந்தக்காரப் பிரபு ஆடு வளர்க்க ஆசைப்பட்டு எல்லோரையும் துரத்திவிட்டான், அந்த ஊர் இந்தப் புல்லுக்கடியில்தான் இருக்கிறது என்பார். கோடை விடுமுறை வந்தால் போதும், தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு வந்து நிற்பார். ஹெட்டி வாசலிலேயே மறித்துவிடுவாள்.

"ஊராவது மண்ணாவது! ரோடு போடச் சரளை வெட்டின குழி அது. எங்கப்பா சொல்லியிருக்கார்."

"உங்கப்பா வெட்டினதைப் பார்த்தாரா, மிஸ் கில்பி?"

"நீங்க ஊரைப் பார்த்தீங்களா, வாத்தியாரே?"

அந்தக் கோபத்துக்குள் ஒரு பயம் இருந்தது. பழைய ஊர் என்று தெரிந்தால் சர்க்கார் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேய்ச்சல் போனால் பசுக்கள் போகும், பசுக்கள் போனால் ஹெட்டிக்கு என்ன இருக்கிறது?

எழுபத்தாறாம் வருஷம் வானம் கைவிட்டது. இங்கிலாந்தில் மழை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஓடை காய்ந்தது. பம்பு சேற்றைக் கக்கியது. லாரியில் வந்த தண்ணீர் மனிதருக்கு மட்டும்தான். மாட்டு வியாபாரி வந்து பசுக்களின் விலா எலும்பைத் தடவிப் பார்த்து அடிமாட்டு விலை பேசினான். வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறேன் என்று போய்விட்டான். ஒவ்வொரு பசுவின் தாயிடமும் பாட்டியிடமும் பால் கறந்தவள் ஹெட்டி. அன்று அவள் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் காற்றில் புகை வாடை வந்தது. காய்ந்த புல் எங்கே பற்றிக்கொண்டதோ என்று பதறிப்போய், தேவாலயத்து மணிக்கூண்டில் ஏறினாள். தீ வெகு தொலைவில். மூச்சு வாங்கிக்கொண்டு கீழே தன் நிலத்தைக் குனிந்து பார்த்தாள்.

நிலத்தில் ஓர் ஊர் இருந்தது.

கல் புதைந்து கிடந்த இடமெல்லாம் புல் முதலில் காய்ந்து வெளுத்துவிட்டது. நடுவே அகலமாக ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். அறை அறையாகத் தடுப்புச் சுவர். சுவரில் விட்ட இடைவெளி வாசல். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு வேலி. கோலம் போட்ட மாதிரி அத்தனையும் தெளிவாக இருந்தது. ஹெட்டி கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயதுவரை இதன்மேல்தான் மாடு ஓட்டியிருக்கிறாள்.  "ஆண்டவரே, இத்தனை பேரா!" என்றாள் வாய்விட்டு.

எல்லா வாசலிலிருந்தும் ஒற்றையடிப் பாதைகள் தெருவின் நடுவே ஓரிடத்துக்குப் போயின. அங்கே வட்டமாக ஒரு திட்டு மட்டும், அடியிலிருந்து ஈரம் ஏறுவதுபோல், பச்சைப்பசேலென்று இருந்தது.

வில்ஃபைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தோண்டினாள். ஒரு முழத்தில் கற்கள் இறுகிக் கிடந்தன. வில்ஃப் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"கெணறாவே இருக்கட்டும். உள்ள தண்ணி இருக்கும்னு யாரு சொன்னா?"

"சொல்லத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்."

"வாத்தியாரையா? நீங்களா போய் அவரைக் கூப்பிடப் போறீங்க? அப்ப கெணறே வேணாம், மழையே வந்துரும்!"

ஹெட்டி போனாள். ஆர்ட்டன் கதவைத் திறந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டி கையிலேயே இருந்தது. "ஊர் இருக்கு. வந்து பாருங்க" என்றாள். மணிக்கூண்டின் மேல் ஏறி அவர் கீழே குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கிண்டலாக எதையாவது சொல்ல நினைத்த ஹெட்டி, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நிலத்தைப் புடுங்கிக்குவாங்களா?"

"மாட்டாங்க. உழக்கூடாதும்பாங்க, அவ்வளவுதான்."

"நான் எந்தக் காலத்துல இதை உழுதேன்?"

"அதைச் சொல்லத்தான் வருஷாவருஷம் வந்தேன், மிஸ் கில்பி. நீங்க கதவைச் சாத்துனீங்க."

ஆடு விழுந்துவிடக்கூடாது என்று, இடித்த வீட்டுக் கல்லையே கிணற்றில் கொட்டித் தூர்த்திருப்பார்கள் என்றார். தண்ணீர்? அது தெரியாது என்று உள்ளதைச் சொன்னார். பையிலிருந்து சின்னக் கரண்டி ஒன்றை எடுத்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டப் போனவரை ஹெட்டி தடுத்தாள்.

"என் மாடு மண்வெட்டிக்குக் காத்திருக்கும், கரண்டிக்குக் காத்திருக்காது."

மூன்று கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். வில்ஃப் உள்ளே இறங்கிக் கல்லைக் கட்டிவிட, ஹெட்டி மேலே இழுத்தாள். வெளியே வந்த ஒவ்வொரு கல்லையும் ஆர்ட்டன் புல்லில் வரிசையாக வைத்தார். ஒன்று அடுப்புக்கல். கரி இன்னும் போகவில்லை. ஒன்று வாசற்படி. மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழிந்திருந்தது. ஹெட்டி அதன்மேல் கால் வைக்கத் துணியவில்லை.

ஒரு தடவை கயிறு நழுவிக் கிணற்று விளிம்புக் கல்லில் போய் அமர்ந்தது. அப்புறம் அசையவே இல்லை. குனிந்து பார்த்தாள். கல்லில் ஒரு பள்ளம், பழைய கயிறு அறுத்தது. விரலை வைத்தாள். பாதி விரல் உள்ளே போயிற்று. கயிறு கல்லை இவ்வளவு அறுக்க எத்தனை பெண்கள் இங்கே நின்று இழுத்திருக்க வேண்டும்! அவர்கள் நின்ற இடத்தில்தான் இப்போது தான் நிற்கிறோம் என்று நினைத்ததும் ஹெட்டியின் கண் நிறைந்தது. அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது உள்ளிருந்து வில்ஃப் கத்தினான். "காலு நனையுது! அம்மா, காலு நனையுது!"

தண்ணீரோடு ஒரு மரவாளியும் கிடைத்தது. அடிப்பலகைகூட உளுத்துப்போகவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது பசுக்கள் தொட்டியில் மூக்கை முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தன. வியாபாரிக்கு அன்று கிடைத்த திட்டு, ஹெட்டி பழையபடி ஆகிவிட்டாள் என்பதற்கு அத்தாட்சி.

செப்டம்பரில் மழை கொட்டியது. புல் தழைத்து ஊர் மறைந்துபோயிற்று. மறுபடியும் அது வெறும் மேடுபள்ளம். ஆனால் ஹெட்டி அதன் குறுக்கே நடப்பதை விட்டுவிட்டாள். தேவாலயத்துக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத தெருவின் நடுவே நடப்பாள்.

"குறுக்கால போனா பாதி தூரந்தானே?" என்பான் வில்ஃப்.

"குறுக்கால போனா அவங்க அடுப்படிக்குள்ள மிதிச்சுட்டுப் போகணும். தண்ணி குடுத்தவங்க வீட்டுக்குள்ள சேத்துக் காலோட போவியாடா?"

சில வருஷம் கழித்து ஒரு பிப்ரவரியில் ஹெட்டி போய்ச் சேர்ந்தாள். பெட்டியைத் தோளில் சுமந்தே தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் ஒரு பக்கம் வில்ஃப், மறுபக்கம் ஆர்ட்டன். புதிதாக வந்திருந்த பாதிரியார் வேலிக் கதவைத் திறந்து, நேர் குறுக்கே நடக்க ஆரம்பித்தார். வில்ஃப் நின்றுவிட்டான்.

"அப்படி இல்லீங்க ஃபாதர். தெரு இந்தப் பக்கம்."

பாதிரியார் பார்த்தார். புல்தான் இருந்தது. "எந்தத் தெரு?" என்றார். வில்ஃப் பெட்டியோடு திரும்பினான். சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போய், நிதானமாக நடந்தார்கள். முதல் வீடு தாண்டியதும் ஆர்ட்டன் மெல்லக் கேட்டார்.

"யாராவது வெளிய வந்திருப்பாங்களா, வில்ஃப்?"

"எல்லாரும் வாசல்லதான் நிக்கிறாங்க, சார்" என்றான் வில்ஃப். கிணற்றடியில் பெட்டியை இறக்கிவைத்துத் தோள் மாற்றிக்கொண்டு, மேலே நடந்தார்கள்.