பச்சை முத்திரையும் மூன்றாம் சாக்கும்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் நுழைந்தால் ஈகூட வரிசையில்தான் பறக்கும். அப்படிப்பட்ட உத்தியோகம் என்னுடையது. பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெயிலில் பிடித்தும், கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்துவிட்டு, வாசிக்க முடியாமலே வாங்கி வந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பப்பாசி மீது புகார்

மரபணு மாற்றிய உணவைத் தின்றால் அது வரும், இது வரும் என்று ஒரு வீடியோ போனுக்குப் போன் தாவிய வாரம் அது. பசறைச் சந்தையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போனால், பழக்கடையை மறித்துக்கொண்டு நிற்கிறார். கடையில் ஒரு பப்பாசி, கொஞ்சம் பெரிய உருவம். "இவ்வளவு பெருசு இயற்கையில வருமா? புடிச்சு உள்ள போடுங்க" என்றார். பழத்தையா, கடைக்காரரையா என்று சொல்லவில்லை. பருமனைப் பார்த்து மரபணுவைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஆய்வுகூடம் வேண்டும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கடைக்கார நானாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இது எங்கட வூட்டு மரம் சேர். மாஸ்டருக்கு சந்தேகமெண்டா மரத்தயே வெட்டிக் கொண்டுவந்து சாட்சிக்கு நிப்பாட்டுறன்!"

கானில் போன கறி

இரண்டு நாள் கழித்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் லயத்துக்குப் போனேன். வாசல் சாக்கடைக் கானில் சோயாமீட் கறி மிதந்துகொண்டிருந்தது. அதே வீடியோவைப் பார்த்து, சோயாவும் அதில் சேர்த்தி என்ற பயத்தில் ஒரு தாய் சட்டியோடு கவிழ்த்துவிட்டார். பிள்ளைகளுக்கு அன்றைக்கு வெறும் சோறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரிசோதித்து அனுமதி கொடுத்த பொருளால் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அனுமதி இல்லாததை விற்கக் கூடாது, கலந்திருந்தால் பாக்கெட்டில் சொல்லியே ஆக வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்று மேடைப் பேச்சே பேசினேன். அந்தம்மா இடுப்பில் கைவைத்தபடி கடைசிவரை கேட்டார்.

"சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்கிறீங்க, சரி. அப்ப அதை எங்க கண்ணுக்குத் தெரியிற மாதிரி பெருசா எழுதினா அவங்களுக்கு என்னங்க கொறைஞ்சு போகுது?"

அழகுக்கு ஒரு முத்திரை

அதே தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளை மடுவம் ஒன்று சும்மா கிடந்தது. கொழுந்து எடுக்கும் வேலையை விட்ட ஐந்து பெண்கள் அதைக் கழுவி, வெள்ளையடித்து, சோளம், சோயா, குரக்கன் எல்லாம் வறுத்து அரைத்துச் சத்துமா போட்டு வந்தார்கள். தலைவி செல்வி. இடம் அவ்வளவு சுத்தம். என் வீட்டு அடுப்படியை நினைத்துக் கூசினேன். பாராட்டலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் பாக்கெட்டின் முன்பக்கம் கண்ணில் பட்டது. பச்சை வட்டத்துக்குள், "மரபணு மாற்றம் செய்யப்படாதது."

ஆய்வு அறிக்கை எங்கே என்று கேட்டேன். செல்வி அந்த வட்டத்தை விரலால் தடவிக் காட்டினாள்.

"டவுன்ல பெரிய கம்பெனி பாக்கெட்டுல அந்த வட்டம் இருந்துச்சு சேர். பாக்க அழகா இருக்கேன்னு நாங்களும் போட்டுக்கிட்டோம்."

பூட்டுப் போட்ட நாள்

நல்லவர்கள் என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடாது. ஆதாரமில்லாத முத்திரை பொய் முத்திரைதான். விற்பனையை நிறுத்தி, சரக்கு இருந்த அறையைப் பூட்டி, ஒரு பாக்கெட்டை ஆய்வுக்கு அனுப்பினேன். பதுளையில் பெரிய கடை ஒன்று மாதாமாதம் சத்துமா எடுப்பதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தது. செய்தி கேட்டதும், முடிவு வரட்டும், பார்க்கலாம் என்று பின்வாங்கிவிட்டது. அந்தக் கடை போனால் மடுவத்தை மூட வேண்டியதுதான். பூட்டைத் தொங்கவிட்டுத் திரும்பினால், செல்வி வழியில் நிற்கிறாள்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல பேரை வெட்டிட்டு வந்துட்டோம் சேர். இனி திரும்பிப் போனா கங்காணி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

மூலையில் ஒரு கிறுக்கல்

முடிவு வந்தது. அனுமதியில்லாத மரபணு மாற்றிய சோயா கலந்திருந்தது. மேலதிகாரி, சரக்கு முழுவதையும் அழித்துவிடச் சொன்னார். கனத்த மனதோடு போய்ச் சொன்னேன். செல்வி அழுவாள் என்று நினைத்தால், "நீங்க எடுத்துட்டுப் போன பாக்கெட்டுல என்ன நம்பர்?" என்று கேட்டாள். என்ன நம்பர்? ஒவ்வொரு பாக்கெட்டின் மூலையிலும் நீலப் பேனாவில் ஒரு கிறுக்கல் இருந்தது. பேனா ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை நான் சட்டைசெய்யவே இல்லை. அது சாக்கு எண்!

முதல் இரண்டு சோயாச் சாக்கும் தெரிந்த உள்ளூர் விவசாயியிடம் வாங்கியவை. மூன்றாவது, சோயா போதாமல் டவுனில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. நான் எடுத்துப் போன பாக்கெட்டில் இருந்த எண் மூன்று. ஒரு சாக்கை அரைத்துக் கட்டி, ஆலையைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் அடுத்த சாக்கையே அவிழ்த்திருக்கிறார்கள். ஒன்றிலும் இரண்டிலும் மாதிரி எடுத்து மறுபடி அனுப்பினேன். இரண்டும் சுத்தம்! மூன்றாம் சாக்கு மாவை மட்டும் அழித்தோம், மற்றதெல்லாம் தப்பியது. கல்லூரியில் எனக்கு ஒரு தவணை முழுவதும் சொல்லிக்கொடுத்த பாடத்தை இவர்களுக்கு யார் சொன்னது என்று செல்வியிடம் கேட்டேன்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒருத்தி சாக்கு இன்னொருத்தி பேர்ல மாறினாலே மண்டை உடையும் சேர். சோயாச் சாக்கை மாற விடுவோமா?"

பதுளையில் கொடியேற்றம்

புது லேபிளில் பச்சை வட்டம் இல்லை. சோயா எந்த ஊர், எந்தச் சாக்கு, எந்த நாள் அரைத்தது என்று தடித்த எழுத்தில் இருக்கும், கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். பதுளைக் கடைக்காரர் முதலில் சொன்னபடி எடுக்கத் தொடங்கி, அடுத்த மாதமே இரண்டு மடங்கு கேட்டார். மடுவத்தில் இப்போது ஒன்பது பேர். ஒரு நாள் பதுளைக் கடையில் அந்தப் பாக்கெட்டுகள் முன்வரிசையில் இருந்ததைப் பார்த்தபோது, ஏதோ என் பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கடைக்கார ஹாஜியார் மட்டும் தலையில் கைவைத்தார்.

"இவங்கட லேபிளப் பாத்த சனம், பெரிய கம்பெனி சாமானத் தூக்கிப் புடிச்சு, 'இதுல சாக்கு நம்பர் எங்க?' எண்டு என்னயப் போட்டுக் கொல்லுது சேர்!"

ஆக, சட்டம் படித்தவன் நான், அதை ஒழுங்காக நடத்திக் காட்டியவர்கள் அவர்கள், மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததென்னவோ எனக்குத்தான்.