ஆரத்தி சிவந்த கணம்

மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு அண்ணனின் கல்யாணக் கார் வந்துவிட்டது. ஆரத்தித் தட்டிலோ வெறும் மஞ்சள் தண்ணீர். அதைச் சிவக்க வைக்கும் சுண்ணாம்பு டப்பா காலி!

"அலமாக்! பொண்ணு மாப்பிள்ளைய வெளியவே நிக்க வைக்கிறதா?" அம்மா பதறினார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். பிஎச் ஏறினால் மஞ்சளின் மூலக்கூறு புரோட்டானை இழந்து சிவக்கும். அப்படியென்றால் வேறு காரமும் போதுமே! பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் ஓடினேன். சீனக் கொழுக்கட்டைக்கான அரிசியில் கலக்கும் காரத் தண்ணீர் பாட்டிலோடு அவரும் என்னோடு ஓடிவந்தார்.

சில சொட்டுகள்தான். தட்டு குபீரென்று சிவந்தது!

"சிவந்துருச்சும்மா!" என்று கத்தினேன்.

அம்மா தட்டின் மறுபக்கத்தை ஆன்ட்டியிடம் நீட்டினார். "மாரி லா ஆன்ட்டி, வாங்க, நீங்களும் பிடிங்க."

பிஎச் என்றாலே இன்றும் எனக்கு அந்த நான்கு கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.