அண்ணன் கடிதங்களும் சிவப்புப் பெட்டியும்

அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெயர் ‘சிவப்புப் பெட்டி’. பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். பழைய கடிதங்களைக் கணினியில் ஏற்றும் மென்பொருளை எழுதியவர் அவர். யாராவது தப்பாகத் தட்டிவிட்டால் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்து வந்து ‘ஏற்க இயலாது’ என்று முகத்திலடித்தாற்போல் சொல்லும். வீட்டிலும் மனிதர் ஏறக்குறைய அப்படித்தான். மனைவி பேச வாயைத் திறந்தால் வாக்கியம் முடிவதற்குள் திருத்திவிடுவார்.

ஐந்து வருடமாகத் தற்காலிக ஊழியர். பதிவுப் பிரிவில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர் அம்மா மென்பொருளைப் பார்த்துச் சரி என்றால் அது இவருக்குத்தான் என்று இயக்குநரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

ஆய்வாளர் அம்மா வந்து, ஆற்றின் இரு கரைகளில் இருந்த ஒரு அண்ணனும் தங்கையும் முப்பது வருடம் எழுதிக்கொண்ட கடிதங்களைக் கேட்டார். திரையில் ஒன்றைத் திறந்தார். அலமாரியிலிருந்து அதன் மூலத்தை எடுத்தார். திரையில் இருபத்தொன்றாம் தேதி, காகிதத்தில் பன்னிரண்டாம் தேதி. இன்னும் பத்து எடுத்துப் பார்த்தார்.

“தங்கச்சியோடது எல்லாம் சரியா இருக்கு. அண்ணன் எழுதினது ஒண்ணுகூடச் சரியில்லையே.”

இவர் முந்திக்கொண்டார். “பதிவு பண்ணினது நான் இல்லைங்க, அக்காதான்” என்று பக்கத்து மேசையில் இவரைப் போலவே தற்காலிகமாகத் தட்டச்சு செய்யும் அக்காவைக் கைகாட்டினார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “முதல் வாரமே வந்து, அண்ணன் கடிதம் ஏறமாட்டேங்குது தம்பின்னு சொன்னேனே. சரியா போட்டா ஏறும்க்கான்னீங்க. தங்கச்சி இருபதாம் தேதி எழுதினா, அண்ணன் பன்னெண்டாம் தேதியே பதில் போட்டிருக்கார். ஏறுற வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இருபத்தொண்ணுன்னு போட்டதும் உங்க பெட்டி வாயை மூடிச்சு.”

ஆய்வாளர் அம்மா சிரித்துவிட்டு விளக்கினார். அந்தக் காலத்தில் அண்ணன் இருந்த கரையில் பழைய நாட்காட்டி, தங்கை இருந்த கரையில் புதியது. பழையது பதினோரு நாள் பின்தங்கி நடந்தது. அண்ணனின் பன்னிரண்டு தங்கைக்கு இருபத்து மூன்று. மனிதர் தங்கையின் கடிதத்தைப் படித்த பிறகுதான் பதில் எழுதியிருக்கிறார். ‘பதிலின் தேதி பிந்தியே இருக்க வேண்டும்’ என்று விதி போட்ட நம்மவருக்குத்தான் உலகத்தில் ஒரே ஒரு நாட்காட்டி.

“முந்நூறு கடிதத்தையும் மறுபடி பிரிக்கணுமா?” என்று கூடவே நின்ற இயக்குநர் தலையில் கைவைத்தார்.

“வேண்டாங்க, நிஜத் தேதியும் உள்ளேயேதான் இருக்கு” என்றார் அக்கா. “அனுப்பினவர் தொலைபேசி எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அங்கே போட்டிருக்கேன்.”

அது பார்வையாளர் படிவத்திலிருந்து இவர் அப்படியே தூக்கிப் போட்ட கட்டம். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்தவரானாலும் எண்ணைக் கொடுக்காவிட்டால் சிவப்புப் பெட்டி வரும். திறந்து பார்த்தார். அண்ணன் எழுதிய தேதிகள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தன.

இயக்குநர் இவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “தட்டச்சுப் பிழைன்னு அறிக்கையில போட்டுடச் சொல்லவா? உங்க வேலை தப்பிக்கும்.”

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வந்தது. அக்கா அங்கே அடுத்த கடிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“வேண்டாங்க. தப்பு என் விதியில. அக்கா வந்து சொன்னப்போ நான் காதுல வாங்கல” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

எழுதிய தேதி, எந்த நாட்காட்டி, கணக்கிட்ட தேதி என்று மூன்று கட்டம் வேண்டும் என அறிக்கை எழுதினார் ஆய்வாளர் அம்மா. அக்கா சொல்லச் சொல்ல இவர் செய்து தர வேண்டும் என்றும் சேர்த்தார்.

வீட்டில் தட்டை வைத்தபடியே மனைவி கேட்டாள்: “என்னங்க, வேலை நிரந்தரமாயிடுச்சா?”

“ஆயிடுச்சு. அக்காவுக்கு.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நானும் எட்டு வருஷமா உங்களுக்கு எது ஏறுமோ அதைத்தான் சொல்லிட்டு வரேன்.”

தட்டில் இவர் கை நின்றது. “அப்போ நிஜத்தை எங்கே வெச்சிருக்கே?”

“சொல்லவா?”

“சொல்லு.”

அவள் ஆரம்பித்தாள். நடுவில் இவர் ஒரு முறை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சாப்பாடு ஆறிப்போயிற்று. அவள் இன்னும் இரண்டாம் வருடத்தைத் தாண்டவில்லை.