காப்புக் கட்டியபோது ஊருக்குள் இருந்தேன்

நான் திருவனந்தபுரம் போயிருந்தால், அந்த ஊர்த் தாய்மார்கள் குழந்தைகளை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மீனாட்சிபுரத்தை அடுத்த, தமிழ் பேசும் எல்லைக் கிராமம் அது. கக்குவான் இருமல் பரவியிருந்தது. நான் அரசாங்க ஹெல்த் சென்டர் டாக்டர். வீடு வீடாகப் போய் முத்தடுப்பு ஊசிக்குச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டும் நாள் என்று விசாரிக்காமல் போய்விட்டேன்.

"ஏனுங் டாக்டரம்மா, காப்புக் கட்டறப்ப ஊருக்குள்ள இருந்துட்டீங்க. இனி நோம்பி முடியற வரைக்கும் பகல்ல எங்க வேணாப் போங்க, ராத்திரிக்கு இங்கதானுங்க படுக்கோணும்" என்றாள் பால் கறந்துகொண்டிருந்த ஒருத்தி.

"போனால்?"

"ஆத்தா ஒண்ணும் பண்ண மாட்டா. நாங்கதான் உட மாட்டோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அந்த வாரம்தான் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பணிக்கு நேர்காணல். எங்கள் ஜில்லாவில் சுகாதார அதிகாரியாக இருந்து, பிறகு அங்கே பேராசிரியராகப் போன கல்பாத்தி அம்மாள் எனக்காகச் சொல்லிவைத்திருந்தார். போனால் இரவு திரும்ப முடியாது. ஊசியோ நோன்பு முடிந்த பிறகுதான் என்று ஊர் சொல்லிவிட்டது.

விவரத்தைச் சொன்னேன். பால்காரி முகம் சுருங்கியது. "போய்ட்டு வாங்க. நீங்க வெளியூருக்காரங்கதானுங்களே."

அதற்குமேல் நேர்காணலுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. என் கைக்குழந்தையையும் வரவழைத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே தங்கினேன். பக்கத்தில் யாராவது இருமினால் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று தெரிந்தும்.

நோன்பு முடிந்ததும் தாய்மார்கள் வந்தார்கள். எனக்காகவா, இருமலுக்குப் பயந்தா?

பிறகு ஒருநாள் கல்பாத்தி அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். "நன்னாத்தான் பண்ணினே. ஆனா ஊர் ஊராப் போய்ப் படுத்துண்டிருப்பியா? ஜனங்க எதுக்கு வரா, எதுக்கு வரலைன்னு கண்டுபிடிக்க ஒருத்தர் வேண்டாமோ? அந்த வேலை இன்னும் காலிதான். ஓணத்துக்குள்ளே சொல்லு."

ஊர்க் குழந்தைகளுக்கு மூன்றாவது தவணை ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. திருவனந்தபுரம் போனால் மகளை என் அம்மாவிடம் விட வேண்டிவரும். "உன் இஷ்டம்" என்கிறார் கணவர். அது சம்மதமா, நழுவலா என்றே புரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள், போகாமல் இருந்துவிட்டவர்கள், இரண்டு பேருமே எழுதுங்கள். நான் போகட்டுமா?